ஃப்ராகன் ஞாயிற்றுக் கல்யாணம்

பங்குச் சாமியார் வீடு, ரோஸ்கீல்
1 பிப்ரவரி 1956

திரு. மலாக்கி டெவானி அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு படகுத்துறையில் நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். பங்குச் சாமியாரின் தங்கை ஒரு கலங்கரை விளக்குக்காரனைப் பார்த்துத் துறையில் நின்று கத்தினாள் என்றால் இந்த ஊருக்கு ஈஸ்டர் வரைக்கும் அது போதும்.

இப்போது எழுத்தில் கத்துகிறேன். இரண்டு வருஷமாக நீங்கள் கரைக்கு வரும்போதெல்லாம் முட்டை வாங்குகிற சாக்கில் என் பின்வாசலில் நின்றீர்கள். பாறையில் மாதக்கணக்கில் இருக்கிறவர், பேச்சு வர நேரமாகும் என்று நான் பரிதாபப்பட்டேன். "எனக்கு லிவர்பூலில் மனைவி இருக்கிறாள்" என்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

நேற்று மாலை, திருநாளுக்கு முந்தின இரவில் புனித பிரிஜிட் அம்மாள் வந்து தொட்டு ஆசீர்வதிக்கட்டும் என்று எல்லோரையும்போல நானும் வேலியில் துணி போட்டேன். காலையில் எடுத்தேன். தலைவலிக்கு அதைக் கட்டிக்கொள்வது வழக்கம். நான் அதில் மூக்கைச் சிந்தினேன். பிரிஜிட் அம்மாள் மன்னிக்கட்டும். உங்களை மன்னிப்பதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா? உங்களுக்கு எழுதுகிறாளா? இரண்டுக்கும் பதில் வேண்டும். உறையில் என் சிநேகிதியின் பெயரை, "ஹனோரா டூஹி, தையற்கடை" என்று போடுங்கள். இங்கே வருகிற தபாலையெல்லாம் அண்ணன்தான் பிரிப்பார்.

ஃபிடெல்மா ஹெஃபர்னன்

—

ஸ்கெர்ரிமோர் பாறை
24 பிப்ரவரி

ஃபிடெல்மா,

உன் கடிதம் ஆள் மாற்ற வரும் படகில், உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் வந்து சேர்ந்தது. பாதி நனைந்திருந்தது. திட்டு மட்டும் அழியவில்லை.

உயிரோடு இருக்கிறாள். பெயர் வினிஃப்ரெட். எழுதுவதில்லை. உலக யுத்தத்தின்போது அவளைக் கட்டினேன். அப்போது சரக்குக் கப்பலில் இருந்தேன். ஒரு பயணம் முடிந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. டிராம் கண்டக்டர் ஒருவனோடு இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கின்றன என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவள்மேல் கோபமில்லை. ஆறு வாரம்கூட நான் அவளோடு சேர்ந்து இருந்ததில்லை.

இந்த நாட்டில் அதை அவிழ்க்கச் சட்டம் கிடையாது. இங்கிலாந்தில் போய் அவிழ்த்தாலும் உன் அண்ணன் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நீயும் ஒப்புக்கொள்ள மாட்டாய் என்பதுதான் எனக்குப் பயம். பீடத்துக்கு முன்னால் கட்டிய கட்டு.

உனக்கு நான் சரிப்பட மாட்டேன். விட்டுவிடு.

காற்று வடமேற்கு. மூடுபனி இல்லை.

மலாக்கி

—

ரோஸ்கீல்
10 ஏப்ரல்

மலாக்கி,

இனிமேல் "நீங்கள்" போட்டு எழுத முடியவில்லை. கோபம் அவ்வளவுதான் தாங்கியது.

விட்டுவிடு என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் காற்று எந்தத் திசை என்று சொல்கிற மனுஷனை எப்படி விடுவது? ஈஸ்டர் வேலையெல்லாம் முடிந்து, சமையலறையில் தனியாக உட்கார்ந்து நாலு நாள் யோசித்தேன். சட்டம் உன்னை விடாது. கோவில் என்னை உன்னோடு சேர்த்து வைக்காது. லண்டனில் ஒரு அறை எடுத்துக்கொண்டு கணவன் மனைவி என்று பொய்ப்பெயரில் இருக்கலாம். எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு அது முடியாது. ஒரு மனுஷன் சாட்சிகளுக்கு முன்னால் என் கையைப் பிடித்தான் என்று எனக்குள்ளாவது சொல்லிக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒரு முறை இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அண்ணன்.

சிரிக்காதே. ஜூலைக் கடைசி ஞாயிறு, ஃப்ராகன் ஞாயிறு, ஊர் முழுக்க மல்லரோ மலைமேல் ஏறி அந்தக் கருநீல ஃப்ராகன் பழத்தைப் பறிக்கிறது அல்லவா? அதற்கு முந்தின ஞாயிறு தவறாமல் அண்ணன் பிரசங்கத்தில் கொதிப்பார்: "பழம் பறிக்கவா போறீங்க? எனக்குத் தெரியாதா? இது லூனாசாங்கிற பழைய பேய்த் திருவிழா! அந்த ஓட்டைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் கைய விடுவான், அந்தப் பக்கம் ஒருத்தி கைய விடுவா, ரெண்டு பேரு சாட்சி நிப்பாங்க. முடிஞ்சுது கல்யாணம்! ஒரு வருஷமும் ஒரு நாளும் சேந்து இருப்பாங்களாம். பிடிக்கலேன்னா மறுபடி மேல வந்து, முதுகுக்கு முதுகு நின்னு, ஒருத்தர் வடக்கே, ஒருத்தர் தெக்கே நடந்துடுவாங்களாம்! கல்யாணமா இது, மாட்டுச் சந்தையா?"

பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன். முறை எல்லாம் மனப்பாடம். உண்மையில் இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. பையன்களும் பெண்களும் பழம் தின்று, நாக்கு நீலமாகி, மெலோடியன் பெட்டி வாசிப்புக்கு ஆடிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அண்ணன் திட்டாவிட்டால் அந்தக் கல் எதற்கு என்பதையே ஊர் மறந்திருக்கும்.

இந்த வருஷம் ஜூலை 29. உன் வேலை முறைப்படி அப்போது நீ கரையில் இருக்க வேண்டும். கை கோத்த பிறகு மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் ஸ்லைகோ பஸ் வரும். அதன் பிறகு நான் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்.

பாவம் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஃபிடெல்மா

—

ஸ்கெர்ரிமோர்
6 மே

ஃபிடெல்மா,

மூன்று தடவை படித்தேன். நாலாம் தடவை, என்னோடு விளக்கில் வேலை செய்கிற ஜார்லத் பின்னால் நின்று படித்துவிட்டான். இந்தப் பாறையில் ஒளிப்பதற்கு இடம் கிடையாது. மூன்று பேர், ஒரு கோபுரம், வளைந்த சுவர், வளைந்த கட்டில்.

"டேய், லண்டன் டிக்கெட் என்ன விலை விக்குது? எதுக்குடா மலையேறிக் கல்லுக்குள்ள கைய விடணும்?" என்றான்.

"அவளுக்கு ஒரு கல்யாணம் வேணும்டா" என்றேன்.

"உனக்கு?"

"எனக்கு அவ வேணும்."

அரை நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தான். பிறகு, "ஜூலைல நான் லீவுல கரையில இருப்பேன். சாட்சிக்கு வரேன். ஆனா அந்தப் பழம் எனக்கு ஆகாது, வயித்த வலிக்கும்" என்றான். ஆக, ஒரு சாட்சி நிச்சயம். ஹனோரா இன்னொன்று.

கிழக்குக் கரையில் கடலுக்குள் இல்லாமல் நிலத்தில் இருக்கிற ஏதாவது ஒரு விளக்குக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். அங்கே வீடு கொடுப்பார்கள். தோட்டம் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒரு வருஷமும் ஒரு நாளும். உனக்கு அதில் பிடித்தது எது? சேர்ந்திருப்பதா, திரும்பிப் போகலாம் என்பதா? ஒருமுறை பூட்டின வீட்டுக்கு முன்னால் நின்றவன் கேட்கிறேன். தப்பாக நினைக்காதே.

மலாக்கி

—

ரோஸ்கீல்
25 ஜூன்

மலாக்கி,

உன் கேள்விக்குப் பதில். நீ திரும்பிப் போகும் கதவைப் பார்க்கிறாய். நான் இருக்கிற வீட்டில் அப்படி ஒரு கதவே இல்லை. பத்தொன்பது வயதில், அம்மா இறந்த வருஷம், அண்ணனுக்குச் சமைத்துப்போட வந்தேன். "ஒரு குளிர்காலம் மட்டும் வந்து இரு" என்றார். அதன் பிறகு யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. வெளியே போகக் கதவு இருக்கிற இடத்தில்தான் நான் நுழைவேன். நுழைந்துவிட்டால் அந்தக் கதவைத் தேடுகிறவள் இல்லை நான்.

இங்கே நிலைமை மோசம். ஆகஸ்டில் எங்கள் பிஷப், மேற்றிராணியார், பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்க வருகிறார். திரைச்சீலைகள், வெள்ளிக்கரண்டிகள், அவருக்கு ஒத்துக்கொள்ளாத சமாச்சாரங்கள், எல்லாம் என் தலையில். முந்தாநாள், அருளப்பர் திருநாளுக்கு முந்தின இரவு, சாப்பாட்டுக்குப் பக்கத்துப் பங்குச் சாமியார்கள் இரண்டு பேர் வந்தார்கள். சன்னலுக்கு வெளியே முச்சந்தியில் நெருப்பு எரிகிறது, பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிக்கிற சத்தம் கேட்கிறது. அண்ணன் கண்ணாடிக் குவளையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "ஃபிடெல்மா இல்லேன்னா நான் ஒரு வாரம் தாங்க மாட்டேன். நான் போனப்புறம்தான் பாவம் அவளுக்கு ஓய்வு." மூன்று பேரும் சிரித்தார்கள். நான் புடிங்கைப் பரிமாறினேன்.

அவர் கொடுமைக்காரர் இல்லை, மலாக்கி. இருந்திருந்தால் எப்போதோ ஓடியிருப்பேன்.

ஹனோரா எனக்குச் சாம்பல் நீலத்தில் உடுப்பு தைக்கிறாள். மேற்றிராணியாருக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். "இடுப்புல கொஞ்சம் பிடிச்சு வெக்கிறேன்டி, மேற்றிராணியாருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்கிறாள். அவளோடு சிரிக்கும்போது மட்டும் எனக்கு மூச்சு வருகிறது.

எப்படியாவது வந்துவிடு.

ஃபிடெல்மா

—

ஸ்கெர்ரிமோர்
29 ஜூலை, ஞாயிறு

ஃபிடெல்மா,

இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியாது. வியாழக்கிழமை படகு வந்தது. வெயில், காற்றே இல்லை, ஆனால் மேற்கிலிருந்து பெரிய அலை உருண்டு வந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் ஏறி இறங்கி அடிக்கிறது. படகோட்டி கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பினான். வெள்ளியும் வந்தான். நேற்றும் வந்தான். நேற்று நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடைசிப் படிவரைக்கும் போனேன். குதித்துவிடுவேன் என்று நினைத்துத் தலைமை விளக்குக்காரர் கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டுவிட்டார். அறுபது வயது மனுஷன். அவரையும் இழுத்துக்கொண்டா குதிப்பது?

இன்று கடல் இன்னும் அப்படியே இருக்கிறது. தொலைநோக்கியில் மல்லரோ தெரிகிறது. மேலே எறும்புபோல ஆட்கள். அதில் எது நீ என்று தெரியவில்லை. எல்லாப் புள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலாக்கி

—

ரோஸ்கீல்
31 ஜூலை

மலாக்கி,

ஜார்லத் சொன்னான். படகு மூன்று தடவை போய்த் திரும்பியதை அவனும் துறையிலிருந்து பார்த்திருக்கிறான். அதனால் உன்மேல் கோபமில்லை. ஆனால் மலைமேல் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜனங்கள் மலையை விட்டு இறங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் பழம் பறிப்பதுபோல் நடித்தோம். ஜார்லத் வயிற்றுவலியை மறந்து நிஜமாகவே தின்றான். வெயில் சாய்ந்தது. வரமாட்டாய் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ஹனோரா, "வாடி, போலாம்" என்றாள்.

நான் கல்லுக்குள் கையை விட்டேன். ஏன் என்று கேட்காதே. புது உடுப்பைப் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் ஏறிவிட்டு, ஒன்றும் செய்யாமல் இறங்க மனம் வரவில்லை. முழங்கை தாண்டி விட்டேன். அந்தப் பக்கம் காற்று மட்டும் இருந்தது. இழுத்தேன். வரவில்லை.

உள்ளே போகும்போது சுலபமாகப் போன கை, வெளியே வரும்போது முழங்கை மூட்டு தடுத்து நின்றுவிட்டது. ஜார்லத் தோளைப் பிடித்து இழுத்தான், ஹனோரா அந்தப் பக்கம் போய்த் தள்ளினாள். கை வீங்க ஆரம்பித்தது. "வெண்ணெ இருந்தா வழுக்கிட்டு வந்துடும்" என்று இரண்டு பேரும் அடிவாரத்து வீட்டுக்கு ஓடினார்கள்.

கல்லைக் கட்டிப்பிடித்தபடி நான் தனியாக நின்றேன். அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கறுப்பு அங்கி வந்தது. மலைக்குப் பின்னால் சாகக்கிடந்த ஒரு கிழவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுக் குறுக்குவழியில் திரும்பிக்கொண்டிருந்தார் அண்ணன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். உடுப்பைப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

"விளக்குக்கார மலாக்கி. வரலே. கடல் விடலே."

"டெவானியா? அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு…"

"தெரியும் அண்ணே."

அவர் முகம் சிவந்தது. அந்தப் பிரசங்கம் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. "வலிக்குதா?" என்றார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை. அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார், வெளியே எடுத்தார், மறுபடி விட்டார். என்ன வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெய்.

"இது மந்திரிச்ச எண்ணெ. வேற எதுக்கும் தொடக் கூடாது" என்றார், என்னிடமா ஆண்டவரிடமா தெரியவில்லை.

"என்னையும் ஒரு நோயாளின்னு வெச்சுக்கோ அண்ணே."

அந்தப் பக்கம் போய் மண்டியிட்டார். என் முழங்கையிலும் விரல்களிலும் எண்ணெய் விழுந்தது. பிறகு அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாகத் திருப்பித் திருப்பித் தள்ளினார். தோல் உரிந்து கை வெளியே வந்தது. நீ இருக்க வேண்டிய பக்கத்திலிருந்து என் கையைப் பிடித்தவர் அவர், மலாக்கி. வீடு வந்து சேரும்வரை அதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. நேற்றுக் காலை அவரே முட்டை வேகவைத்து, ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவி, என் தட்டில் வைத்தார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. "கை ஆறட்டும்" என்றார். திட்டியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அந்த முட்டையைத் தின்றேன்.

ஃபிடெல்மா

—

டப்ளின்
20 ஆகஸ்ட்

ஃபிடெல்மா,

ஒன்பதாம் தேதி கடல் என்னை விட்டது. உப்புக் காய்ந்த உடுப்போடு நேராக உன் வீட்டுக்கு வந்தேன், முன்வாசலுக்கு. பின்வாசலில் நின்றது போதும் என்று தோன்றியது.

உன் அண்ணன்தான் கதவைத் திறந்தார். "தலைவலின்னு படுத்திருக்கா. யாரையும் பாக்க முடியாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "அவள நீ எந்த ஊர்ல, என்னன்னு சொல்லிக் குடி வெப்பே? சொல்லு, கேக்கறேன்" என்றார். திரும்பிவிட்டேன்.

நீ கீழே வரவில்லை. காரணம் இருக்கும். அல்லது நீயே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கலாம். அப்படியிருந்தால் ஒரு வரி எழுது, போதும்.

மாற்றல் வந்துவிட்டது, அந்த வேலையாகத்தான் டப்ளினில் இருக்கிறேன். கிழக்கே பாலிநார் முனை. வெள்ளைச் சுவர் வீடு, சன்னலுக்கு நேரே கடல், பின்னால் முட்டைக்கோஸ் போட இடம். ஒரு சிக்கல் இருக்கிறது. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு மட்டும் அந்த வீடு. எனக்கு ஏன் கிடைத்தது என்றால், என் பணிப்பதிவில் மனைவி என்று ஒரு பெயர் இருக்கிறது. வினிஃப்ரெட் டெவானி. அங்குள்ள தலைமை விளக்குக்காரரின் மனைவி இப்போதே, "வினிஃப்ரெட் எப்ப வர்றாங்க? கேக் பண்ணி வெக்கிறேன்" என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

உன்னை அந்தப் பெயருக்குள் கொண்டுபோய் அடைக்க எனக்கு மனசில்லை. வேண்டுமானால் நவம்பர் முதல் தேதி, சௌவின் திருநாளில், மறுபடி மல்லரோவுக்குப் போவோம். அதுவும் பழைய நாள்தானே. அதற்குள் ஏதாவது வழி பார்க்கிறேன்.

மலாக்கி

—

ரோஸ்கீல்
14 செப்டம்பர்

மலாக்கி,

எனக்குத் தலைவலி இல்லை. நீ முன்வாசலில் நின்றபோது நான் பின்கட்டில் மேற்றிராணியாருக்காகக் கோழி உரித்துக்கொண்டிருந்தேன். நீ வந்ததே உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும்.

கடிதத்தை அண்ணன் முன்னால் மேசைமேல் வைத்தேன். படிக்கவில்லை, உறையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஏன் சொல்லலே?" என்றேன்.

"நீ போயிடுவேன்னு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த நேரான பேச்சு அதுதான். பிறகு நரகத்தைப் பற்றிச் சொன்னார். அதை நம்பித்தான் சொன்னார், நானும் நம்பிக்கொண்டுதான் கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு, நாற்காலியில் அப்படியே அமிழ்ந்து உட்கார்ந்தார். ரொம்ப வயதானவர்போல இருந்தது.

"புதன்கிழமை போறேன் அண்ணே."

"ஊர் கேக்குமே. என்னன்னு சொல்றது?"

"தெரியாது."

"மான்செஸ்டர்ல நர்ஸ் வேலைக்குப் போயிட்டான்னு சொல்றேன்" என்றார். "பொய்தான். அது என் கணக்குல இருக்கட்டும். ஆனா நீ எழுதக் கூடாது ஃபிடெல்மா. தபால் முத்திரைய இந்த ஊர்ல எல்லாரும் படிப்பாங்க. திரும்பியும் வரக் கூடாது. எனக்கு ஏதாவது ஆனாலும்."

நான் தலையாட்டினேன். அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். அது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு. என்னால் உள்ளே பார்க்கக்கூட முடியாது. இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. எவ்வளவு விலை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன். "இந்த மாசம் பூராவும் உனக்காகப் பூசை வெப்பேன், பேரு சொல்ல முடியாது" என்றும் சொன்னார். பிறகு எழுந்து போய், தன் கம்பளி மேலங்கி எங்கே இருக்கிறது, எப்போது வெயிலில் போட வேண்டும் என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.

நவம்பர் வேண்டாம். மலையும் வேண்டாம், கல்லும் வேண்டாம். நல்ல நாளுக்காக இனி நான் காத்திருக்க மாட்டேன். 19ஆம் தேதி, எந்தத் திருநாளும் இல்லாத ஒரு புதன்கிழமை. ஸ்லைகோ பஸ் கடற்கரை ஓரமாக வந்து திரும்புகிற கடைசி நிறுத்தம் இருக்கிறதே, அங்கே வா. நண்பகல் பஸ்ஸில் ஹனோரா துணி வாங்குகிற சாக்கில் என்னோடு வருகிறாள். ஜார்லத் பாறையில் இருப்பான் என்பதால் இரண்டாவது சாட்சிக்கு பஸ் கண்டக்டரைக் கேட்கலாம் என்கிறாள். "ரெண்டு நிமிஷ வேலைதானே, மாட்டேன்னா சொல்லுவான்?" மழை பெய்தாலும் வெளியிலேதான் நிற்போம். மணலில் நின்று, நீ என் கையைப் பிடிக்க வேண்டும். நடுவில் எதுவும் வேண்டாம். காயம் இன்னும் ஆறவில்லை, அழுத்திப் பிடிக்காதே.

பாலிநார் வீட்டுக்கு வருகிறேன். அந்த அம்மாள் கேக்கோடு வந்து "வினிஃப்ரெட்" என்றால் திரும்பிப் பார்ப்பேன். கடையில், கோவிலில், யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். சீக்கிரம் பழகிவிடும் என்று நினைக்கிறேன், அதுதான் பயமாக இருக்கிறது. என் பெயரைச் சொல்ல இனி அண்ணன் இருக்க மாட்டார், ஹனோரா இருக்க மாட்டாள். ஆகவே இது ஒன்று மட்டும் நீ எனக்குச் செய்ய வேண்டும். சாயங்காலம் கதவைச் சாத்தியதும், தேநீர் கேட்பதற்காவது, சண்டை போடுவதற்காவது, தினமும் ஒரு தடவை என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு.

ஃபிடெல்மா